பித்தநீரும் பித்த அமிலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்லூரில் எங்கள் அப்பா ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கடை கலகலவென்று இருக்கும். ஆனால் ஈரலை எடுக்கும் அந்த ஒரு நிமிடம் மட்டும் அப்பா யாரோடும் பேச மாட்டார். ஈரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சைப் பையைக் கத்தி படாமல் தனியே எடுத்துப் போட்ட பிறகுதான் நிமிர்வார். அதுதான் பித்தப்பை. கிழிந்தால் உள்ளே இருக்கும் பித்தநீர் பட்டு ஈரல் முழுக்கக் கசந்துவிடும். "இம்புட்டுக் கசப்பை இந்த ஆடு எதுக்குப்பா வச்சிருக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன். "தெரியலம்மா, நீ படிச்சுட்டு வந்து சொல்லு" என்றார்.

படித்தேன். இப்போது மதுரையிலேயே ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்களும் தெருவில் இருப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லலாம். உங்கள் உடம்புக்கு என்ன என்பதை நேரில் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பித்தநீர் என்பது உடம்பின் கழிவுதானே?

பாதி சரி. கல்லீரல் ஒரு நாளைக்கு 600 மில்லியிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அதில் பெரும்பகுதி தண்ணீர். மீதியில் பித்த அமிலங்கள், லெசித்தின் என்ற கொழுப்பு வகைப் பொருள், கொஞ்சம் கொலஸ்ட்ரால், பிலிருபின் எல்லாம் கலந்திருக்கும்.

இவற்றில் பிலிருபின்தான் கழிவு. பழைய சிவப்பணுக்கள் உடையும்போது வரும் மஞ்சள் சாயம் அது. பித்தநீரின் நிறமே அதனால்தான். பித்த அமிலமோ கழிவு அல்ல, வேலைக்கென்றே செய்யப்பட்ட பொருள். சுத்தமாகப் பிரித்தெடுத்தால் வெள்ளைத் தூளாக இருக்கும். நிறம் ஒன்றிடமிருந்து வருகிறது, வேலையை இன்னொன்று செய்கிறது. இரண்டும் ஒரே குழாயில் வருவதால் நாம் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம். கீழே வரும் பல கேள்விகளில் இந்தக் குழப்பம்தான் இருக்கிறது, அதனால் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லீரல் பித்த அமிலத்தை எதிலிருந்து செய்கிறது?

கொலஸ்ட்ராலிலிருந்து. ஆமாம், ரத்தப் பரிசோதனைத் தாளில் பார்த்து நாம் பயப்படுகிறோமே, அதே கொலஸ்ட்ரால்தான். கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. நம் உடம்பால் அதை எரித்துத் தீர்க்கவும் முடியாது. வெளியேற்ற இருக்கும் முக்கியமான வழி பித்தநீர்தான்: கொஞ்சம் அப்படியே போகிறது, இன்னொரு பங்கு பித்த அமிலமாக மாறிப் போகிறது.

இந்த மாற்றத்தில் பத்துக்கும் மேற்பட்ட நொதிகள் வரிசையாகக் கை வைக்கின்றன. முதல் கை முக்கியமானது. கொலஸ்ட்ரால் 7-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி, கொலஸ்ட்ராலின் 7-வது கரியணுவில் (கார்பன் அணுவில்) ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கிறது. அது எவ்வளவு வேகமாக நடக்கிறதோ, பெரும்பாலும் அவ்வளவு வேகத்தில்தான் பித்த அமிலமும் கிடைக்கும். கடைசியில் 27 கரியணு கொண்ட கொலஸ்ட்ராலின் வால் நறுக்கப்பட்டு, 24 கரியணு கொண்ட அமிலம் ஆகிறது. மனிதக் கல்லீரல் இப்படிச் செய்பவை முக்கியமாக இரண்டு: கோலிக் அமிலம், கீனோடிஆக்ஸிகோலிக் அமிலம்.

அதோடு விடுவதில்லை. செய்த அமிலத்தோடு கிளைசின் அல்லது டாரின் என்ற சிறு மூலக்கூறு ஒன்றை முடிச்சுப் போட்டே அனுப்புகிறது. நம்மில் கிளைசின் முடிச்சுதான் அதிகம், ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. முடிச்சு போட்ட அமிலம் தண்ணீரில் நன்றாகக் கரையும். வழியில் குடல் சுவருக்குள் எளிதில் கசிந்துவிடாமல் கடைசிவரை போய்ச் சேரும்.

பித்த அமிலங்களின் அமைப்பை ஆராய்ந்ததற்காக ஹைன்ரிச் வீலாண்ட் என்ற ஜெர்மானியருக்கு 1927-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் வரைந்த வளையங்களின் அமைப்பு தவறு என்று 1932-இல் தெரியவந்து திருத்தினார்கள். பரிசு பெற்ற படமே திருத்தப்பட்டது என்பதை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்வேன். அன்றைக்குப் பிள்ளைகள் பயமில்லாமல் கேள்வி கேட்கிறார்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு பித்த அமிலம் தயாராகிறது?

சுமார் அரை கிராம். அவ்வளவுதான். நான் படித்ததிலேயே என்னை மிகவும் ஆச்சரியப்படுத்திய எண் இது.

நம் உடம்பில் எந்த நேரத்திலும் இருக்கும் மொத்தப் பித்த அமிலமே 2 முதல் 4 கிராம். ஒரு டீஸ்பூன் உப்பு அளவுகூட இல்லை. ஆனால் ஒரு நாள் சாப்பாட்டில் வரும் கொழுப்பைக் கவனிக்க இருபது, முப்பது கிராம் வேண்டும். எப்படிச் சமாளிக்கிறது? பெரியார் பஸ் நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் போகும் டவுன் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். ஓடும் வண்டிகள் சில, நடைகள் பல. அதே வண்டி போய், ஆளை இறக்கி, திரும்பி வந்து, மறுபடி போகும். பித்த அமிலமும் அப்படித்தான். கல்லீரலில் கிளம்பி, பித்தப்பையில் காத்திருந்து, சாப்பாடு வந்ததும் சிறுகுடலில் இறங்கி, அதன் கடைக்கோடி வரை வேலை பார்த்துக்கொண்டே போகிறது. அந்தக் கடைப்பகுதியில் அதற்கென்றே இருக்கும் வாசல் வழியாக ரத்தத்தில் ஏறி, போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக நேரே கல்லீரலுக்குத் திரும்பிவிடுகிறது. ஒரு நாளைக்கு ஆறிலிருந்து பத்து நடை. ஒவ்வொரு நடையிலும் 95 சதவீதத்துக்கும் மேல் திரும்பி வந்துவிடும். தப்பித்து மலத்தோடு போவதை நாளெல்லாம் கூட்டினால் அந்த அரை கிராம். அதை மட்டும்தான் கல்லீரல் புதிதாகச் செய்து ஈடுகட்டுகிறது.

சிறுகுடலின் கடைப்பகுதியைக் காசநோய்க்காகவோ வேறு காரணத்துக்காகவோ வெட்டி எடுத்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு விடாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். திரும்பி வரும் வாசல் போய்விட்டது. வண்டிகள் எல்லாம் பெருங்குடலுக்குள் போய், அங்கே தண்ணீரைச் சுரக்க வைக்கின்றன. வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவதும் அதே இடத்தில்தான் என்பதால் அதையும் கவனிக்க வேண்டியிருக்கும்.

இது கொழுப்பை என்ன செய்கிறது? செரிக்க வைக்கிறதா?

நேரடியாக இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் வெறும் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் போகுமா? சீயக்காய் போட்டால்தான் போகும். சீயக்காயில் இருக்கும் பொருளுக்கு ஒரு பக்கம் எண்ணெயோடும் மறுபக்கம் தண்ணீரோடும் ஒட்டும். பித்த அமிலமும் அதே ஜாதி. ஒரு முகம் கொழுப்பைப் பார்க்கும், இன்னொரு முகம் தண்ணீரைப் பார்க்கும். மட்டன் சுக்காவின் எண்ணெய் குடலில் பெரிய துளிகளாக வந்தால் அதை நுண்துளிகளாக உடைத்துவிடும். பிறகு கணையத்திலிருந்து வரும் லிப்பேஸ் நொதிதான் கொழுப்பை வெட்டுகிறது. வெட்டிய துண்டுகளைச் சின்னஞ்சிறு பொதிகளாகச் சுமந்துபோய்க் குடல் சுவரிடம் கொடுப்பதும் பித்த அமிலமே. ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்களும் இந்தப் பொதியில் ஏறித்தான் போகின்றன. பித்தக்குழாய் நாள்கணக்கில் அடைபட்டவர்களுக்கு ரத்தம் உறைவது தாமதமாவது, கே வைட்டமின் ஏற வண்டி இல்லாததால்தான்.

போதும் என்று கல்லீரலுக்கு எப்படித் தெரியும்?

கடைசி நிறுத்தத்தில் ஒரு டைம் கீப்பர் இருக்கிறார். சிறுகுடலின் கடைப்பகுதிச் செல்களில் எஃப்.எக்ஸ்.ஆர். என்ற உணர்வி உண்டு. அது பித்த அமிலத்தை உணர்வது என்று 1999-இல் கண்டுபிடித்தார்கள். அமிலம் நிறைய வந்து சேர்ந்தால், அந்தச் செல்கள் எஃப்.ஜி.எஃப்.19 என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது கல்லீரலுக்குப் போய் "வண்டி போதுமான அளவு ஓடுது, புதுசு வேண்டாம்" என்று சொல்லும். மேலே சொன்ன அந்த முதல் நொதியின் உற்பத்தி குறையும். கல்லீரல் செல்லுக்குள்ளேயும் இதே உணர்வி தனியாகக் காவல் இருக்கிறது.

இவ்வளவு காவல் எதற்கு? எண்ணெயை உடைக்கும் பொருளுக்குச் செல்லின் சவ்வும் எண்ணெய்தான். அளவு மீறித் தேங்கினால் கல்லீரலையே அரிக்கும்.

வயிற்றில் இருக்கும் பாக்டீரியாவுக்கு இதில் வேலை உண்டா?

உண்டு. திரும்பி ஏறாமல் பெருங்குடலுக்குப் போகும் கொஞ்ச அமிலத்தின் முடிச்சை அவை அவிழ்த்து, டிஆக்ஸிகோலிக் அமிலம், லித்தோகோலிக் அமிலம் என்று வேறு வடிவமாக மாற்றுகின்றன. அதிலும் ஒரு பகுதி கல்லீரலுக்கு வந்து மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டு நடையில் சேர்ந்துவிடும்.

தலைசுற்றினால் "பித்தம் ஏறிடுச்சு" என்கிறோமே, அது இந்தப் பித்தமா? பித்த வெடிப்பு?

இல்லை. சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என்று சொல்லும் பித்தம் உடம்பின் ஒரு தன்மை பற்றிய பெயர். அது ஒரு தனிப்பெரும் மரபு. அதே சொல்லைப் பித்தநீருக்கும் சொல்கிறோம். தலைசுற்றலுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, காது என்று பல காரணங்கள் இருக்கலாம். குதிகால் வெடிப்பு தோல் வறட்சி சம்பந்தப்பட்டது. வெறும் வயிற்றில் பலமுறை வாந்தி எடுத்துக் கடைசியில் மஞ்சளாக, கசப்பாக வருகிறதே, அது மட்டும் நிஜமாகவே பித்தநீர்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதாதா?

எந்தக் காமாலை என்பதைப் பொறுத்தது. நம் பக்கம் தண்ணீர், சாப்பாடு வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ என்ற வைரஸ் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த வாரங்களில் கீழாநெல்லி குடித்தவர்கள் குணமாவார்கள், குடிக்காதவர்களும் குணமாவார்கள். யாருடைய நம்பிக்கையையும் நான் குறைத்துப் பேசவில்லை. எங்கள் அப்பத்தாவும் அரைத்துக் கொடுத்தவர்தான்.

ஆனால் பித்தக்குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்ததால் வரும் காமாலை வேறு. எந்தக் கீரையும் குழாய் அடைப்பைத் திறக்காது. அடையாளம் இதுதான்: மலம் சாம்பல் கலந்த களிமண் மாதிரி வெளிறும், சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போகும், உடம்பு அரிக்கும். பிலிருபின் குடலுக்கு வராததால் மலத்துக்கு நிறமில்லை. ரத்தத்தில் தேங்கியது சிறுநீரில் இறங்குகிறது. இதோடு குளிர்காய்ச்சலும் வயிற்று வலியும் சேர்ந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். நேரே பெரியாஸ்பத்திரிக்கோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அதற்கோ போய்விடுங்கள்.

பித்தப்பைக் கல் கரைய வாழைத்தண்டு ஜூஸ் குடிக்கலாமா?

குடித்தால் வாழைத்தண்டின் நன்மை கிடைக்கும். கல் கரையாது. சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் வைத்தியத்தை இதற்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். இரண்டும் வேறு உறுப்பு, வேறு பொருள்.

பித்தநீரில் வரும் கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமும் லெசித்தினும் சேர்ந்துதான் கரைத்து வைத்திருக்கின்றன. கொலஸ்ட்ரால் கூடினாலோ, பித்தப்பை சரியாகச் சுருங்காமல் நீர் தேங்கினாலோ, சர்க்கரைப் பாகு படிவது மாதிரி படிகமாகும். நீண்ட பட்டினி, ஒரே மாதத்தில் கிலோக்கணக்கில் எடை குறைப்பது, கர்ப்பகாலம் எல்லாம் இதற்கு வழிவிடும். சிவப்பணு அதிகம் உடைபவர்களுக்குப் பிலிருபினிலிருந்து கறுப்பு நிறக் கற்கள் உருவாவது வேறு கதை.

உர்சோடிஆக்ஸிகோலிக் அமில மாத்திரை சின்ன, சுண்ணாம்பு படியாத கொலஸ்ட்ரால் கற்களை மட்டும் பல மாதங்களில் கரைக்கலாம். நிறுத்தினால் திரும்பவும் வரக்கூடும். அந்தப் பெயரில் இருக்கும் 'உர்சோ' லத்தீனில் கரடியைக் குறிக்கும். கரடியின் பித்தத்தில் இந்த அமிலம் நிறைய. இன்று மருந்துக்குக் கரடி தேவையில்லை, ஆலையிலேயே செய்கிறார்கள்.

வலி இல்லாத கல்லைப் பெரும்பாலும் சும்மா விட்டுவிடுவார்கள். ராத்திரி பரோட்டா சால்னாவுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டைவரை ஏறி, மணிக்கணக்கில் நிற்கும் வலியைக் 'கேஸ்' என்று நினைத்துச் சோடா குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஸ்கேன் எடுங்கள்.

பித்தப்பையை எடுத்தாச்சு. இனிமேல் கறி தோசை சாப்பிடவே முடியாதா?

சாப்பிடலாம். பித்தநீரைச் செய்வது கல்லீரல். பை வெறும் கிடங்கு. 30 முதல் 50 மில்லி பிடிக்கும், நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்திருக்கும். கொழுப்பு குடலுக்கு வந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் வந்து பையை அழுத்தும். கிடங்கு போனால் பித்தநீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலில் சொட்டிக்கொண்டே இருக்கும். முதல் சில வாரங்கள் எண்ணெயைக் குறைத்து, சிறிது சிறிதாகச் சாப்பிட்டுப் பழக்கினால் பெரும்பாலானோருக்குச் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் சாப்பிட்ட உடனே ஓடவேண்டியிருக்கும். வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் சொன்னால், குடலிலேயே பித்த அமிலத்தைப் பிடித்து வைக்கும் கொலஸ்டிரமைன் போன்ற தூள் மருந்து இருக்கிறது.

கர்ப்பகாலத்தில் உள்ளங்கை அரிப்பது சூட்டினாலா?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத ஆரம்பித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

என் அக்காவுக்கு எட்டாம் மாதம். சித்திரை வெயில். ராத்திரியானால் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கும். தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை, சொறிந்த கோடுகள் மட்டும்தான். எல்லோரும் சூடு என்றோம். வெந்தயம், இளநீர் எல்லாம் கொடுத்தோம். பக்கத்தில் காட்டிய ஒரு கிளினிக்கிலும் "வேர்வைதான், பவுடர் போடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நானும்தான் வீட்டில் இருந்தேன். பித்த அமிலத்தைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு அது உறைக்கப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

கர்ப்பகாலத்தின் கடைசி மாதங்களில் சில பெண்களுக்கு, ஹார்மோன்களின் அழுத்தத்தால், கல்லீரல் செல் பித்த அமிலத்தைக் குழாய்க்குள் தள்ளும் வேலை மந்தமாகிவிடும். அமிலம் ரத்தத்துக்குத் திரும்புகிறது. அரிப்புக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, கூடத் தேங்கும் வேறு பொருள்களுக்கும் பங்கு உண்டு. கண் மஞ்சளாக வேண்டும் என்பதும் இல்லை. பலருக்கு ஆவதே இல்லை. அதனால்தான் தவறவிடுகிறோம்.

கேட்கவேண்டிய பரிசோதனை: ரத்தத்தில் பித்த அமில அளவு, கூடவே கல்லீரல் பரிசோதனை. சாதாரணமாக வெறும் வயிற்றில் லிட்டருக்கு 10 மைக்ரோமோலுக்குக் கீழே இருக்கும். 100-ஐத் தொட்டுவிட்டால் குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறக்கும் அபாயம் கூடுகிறது. எண்ணைப் பார்த்துத்தான் பிரசவத்தை எப்போது வைப்பது என்று டாக்டர் முடிவு செய்வார். அக்காவுக்கு 37-வது வாரத்தில் பிரசவம் பார்த்தார்கள். அரிப்பு சில நாளில் போயிற்று. மகன் இப்போது நாலாம் வகுப்பு.

வீட்டில் கர்ப்பிணிப் பெண் "ராத்திரி கை காலு அரிக்குது" என்று சொன்னால், மறுநாள் காலையிலேயே கூட்டிக்கொண்டு போங்கள்.

மீன் பித்தத்தைப் பச்சையாக விழுங்கினால் சர்க்கரை இறங்கும் என்கிறார்களே?

தயவுசெய்து வேண்டாம். மேலூர்ப் பக்கம் கண்மாய் வற்றி மீன்பிடித் திருவிழா நடக்கும்போது கூடை கூடையாகக் கெண்டையும் ரோகுவும் வரும். அப்போது யாராவது ஒருவர் இந்த யோசனையைச் சொல்வார். கெண்டை இனத்து மீன்களின் பித்தத்தில் நம்முடையது போன்ற அமிலம் முக்கியமாக இல்லை. சைப்ரினால் என்ற வேறு வகைப் பொருள் இருக்கிறது. அது சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். பச்சை மீன் பித்தம் விழுங்கிச் சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸ்வரை போனவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. மீனைச் சுத்தம் செய்யும்போது பித்தம் உடையாமல் எடுத்து எறிந்துவிடுகிறார்களே நம் வீட்டுப் பெண்கள், அதுதான் சரி.

ஓட்ஸ் சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் குறைவது எப்படி?

கரையும் நார், குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிறது. வண்டி குறைந்ததும், புதிது செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. ஓட்ஸ்தான் வேண்டும் என்பதில்லை. பயறு, அவரை, கொய்யா, வெண்டைக்காய் எல்லாவற்றிலும் இந்த நார் இருக்கிறது. குறைவு மிதமாகத்தான் இருக்கும், எழுதிக்கொடுத்த மாத்திரையை இதை நம்பி நிறுத்தாதீர்கள்.

பச்சைக் குழந்தைக்குக் காமாலை. வெயிலில் காட்டினால் போதுமா?

முதல் வாரத்தில் பல குழந்தைகளுக்கு லேசாக வந்து போவது உண்டு. அதையும் டாக்டரிடம் காட்டிக் கொள்ளுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால் வெயிலை நம்பி இருக்கக்கூடாது. சில குழந்தைகளுக்குப் பித்தக்குழாயே மூடிப்போயிருக்கும். ஜப்பானிய மருத்துவர் கசாயின் பெயரில் வழங்கும் ஓர் அறுவை சிகிச்சை இருக்கிறது. குடலைக் கல்லீரலோடு இணைத்துப் பித்தநீருக்கு வழி செய்வார்கள். பிறந்து 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். பேர் வைக்கும் விசேஷம் முடியட்டும், தாய்மாமன் வரட்டும் என்று தள்ளினால் அந்த நாள்கள் போய்விடும்.

குழந்தையின் மலத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சளோ பச்சையோ பழுப்போ இருந்தால் பித்தநீர் வருகிறது. வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி இருந்தால், அந்தத் துணியையே ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு அன்றைக்கே குழந்தை டாக்டரிடம் போங்கள். வாயால் சொல்வதைவிட அவர் கண்ணால் பார்ப்பது நல்லது.